ஆத்தா திருத்திக் கொடுத்த பாட்டு

சோழபுரம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து ஓட்டுவார்கள். ராஜபாளையத்திலிருந்து வந்து சேருவதற்குள் என் சேலை முழுக்கக் கரித்தூள் அப்பிவிட்டது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. என்னைப் பெற்றவள் செத்துப்போயிருந்தாள்.

வீட்டு வாசலில் ஓலைப் பந்தல். நடுவில் ஆத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் யாரும் பாடவில்லை. சும்மா விசும்பிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டுப் பக்கம் வட்டத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அது என் இடம். எனக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பாவின் தங்கை வேலம்மா அத்தை என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தாள்.

"வழி விடுங்கட்டி! பாட்டுக்காரி வந்துட்டா. இனிமேத்தான் எங்க மதினி நிம்மதியாப் போவா."

கொட்டு நின்றது. பந்தலுக்கு வெளியே நின்ற ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

போன வாரம் என் கல்யாண மாட்டுவண்டி குடை சாய்ந்த கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறையும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், என் பேச்சை அவளே பத்திரிகைத் தமிழாக்கிவிடுகிறாள். இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், "இது வேண்டாமே பாட்டி, அழுவீங்க" என்றாள். "அழுதா அழுதுட்டுப் போறேன், நீ எழுது" என்று சொல்லிவிட்டேன்.

பந்தல் வாசலில் நான் அப்படியே நிற்கட்டும். அந்த இடத்தில் எனக்கு என்ன சங்கடம் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரவேண்டும்.

நாலே கேள்வி

எனக்கு ஒப்பாரி கை வந்தது. கை என்ன, வாய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலம்மா அத்தைதான் அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய பாட்டுக்காரி. சாவு வீட்டுக்குப் போனால் என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். வட்டத்துக்கு நடுவில் நான் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டே கேட்பேன். ஒரு தடவை கேட்டால் போதும், என்னை விட்டுப் போகாது. தாவணி போடுகிற வயதில் நானே கட்டிப் பாட ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை எல்லாச் சாவுக்கும் ஒரே பாட்டைப் பாடுவாள். பேரை மட்டும் மாற்றுவாள். நான் அப்படிச் செய்யமாட்டேன். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போவேன். மருமகளைப் பிடித்து நாலே கேள்வி கேட்பேன். கடைசியாக என்ன கேட்டார்? எதைச் செய்யாமல் பாதியில் விட்டார்? யாரோடு பேச்சில்லாமல் இருந்தார்? எந்த மாடு அவர் கைக்கு மட்டும் அடங்கும்?

அந்த நாலும் கிடைத்துவிட்டால் வட்டத்துக்கு வந்து உட்காரும்போதே பாட்டு தயாராகிவிடும். பேசாமல் இருந்த தம்பியின் பேரை நான் இழுத்தால், அவன் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு அழுவான். கல்லு மாதிரி நிற்கிற ஆள்கூடக் கரைந்துபோவான்.

அம்புட்டுப் பேரையும் அழவைப்பேன். பொறவு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன்.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகும் ஆள் அனுப்பி வண்டி கட்டி அழைத்துப் போவார்கள். அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு தெலுங்குக்காரப் பெரியவர் இறந்தபோது, அந்த வீட்டுப் பெண்கள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் அழுதார்கள். நான் பாடினதில் அவர்களுக்கு எம்புட்டுப் புரிந்ததோ, தெரியாது. ஆனால் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறப்பவும் நீதாம்மா வரணும்" என்றார்கள். எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு மனுஷி தன் சாவுக்கு என்னை இப்போதே கூப்பிடுகிறாள் என்றால் சும்மாவா?

பருத்திக் காட்டில் ஒரு பொழுது

இந்த நேரத்தில்தான் ஆத்தா என்னிடம் தன் பாட்டைக் கேட்டாள்.

அவள் பருத்தி எடுக்கிறவள். காட்டில் மடி கட்டி நின்றால் அவள் வேகத்துக்கு யாரும் நிற்க முடியாது. வாயும் கையும் ஒரே வேகம். நான் சோழபுரத்துக்கு வந்திருந்த ஒரு நாள், காட்டில் குவித்து வைத்த பருத்தி மேல் இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

"ஏட்டி பொன்னு, எனக்கு என்ன பாட்டுக் கட்டி வச்சிருக்க?" என்றாள்.

அப்போது என் பேர் பொன்னுத்தாய்.

"என்ன ஆத்தா, உசுரோட இருக்கயில இப்படிக் கேக்க?"

"செத்த பொறவு நான் கேக்கவா போறேன்? ஊர்ல உள்ள பொணமெல்லாம் ஒன் பாட்டக் கேட்டுட்டுப் போயிருச்சு. பெத்தவ நான் கேக்காமப் போகவா? பாடு."

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மெதுவாகப் பாடினேன். உண்மையைச் சொன்னால், எப்போதோ கட்டிவிட்டேன். பெற்ற தாய்க்குக் கட்டாமலா இருப்பேன்?

"மேக்கால கெணத்துக்கு வாளி நீ விட்டுருக்க,
வாளி தண்ணியில, வடக்கயிறு கரையிலம்மா!
ஊரே பசியாற ஒல வச்ச எங்கம்மா..."

"நில்லு, நில்லு" என்றாள். "நான் எப்பட்டி ஊருக்கு ஒல வச்சேன்? ஒனக்கும் ஒங்கண்ணனுக்குமே அரவயிறுதான். பொய்யப் பாடாத. கேக்கவ எவளாவது சிரிச்சிருவா."

"பொறவு எப்படிப் பாட?"

செத்த நேரம் யோசித்தாள். "இருந்தத பங்கு வச்சன்னு போடு. அது நெசம்."

"இருந்தத பங்கு வச்ச எங்கம்மா" என்று மாற்றிப் பாடினேன். தன் சாவுப் பாட்டைத் தானே திருத்தி, அதற்குத் தலையையும் ஆட்டின மனுஷி என் ஆத்தா ஒருத்திதான். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது போதும்ட்டி. நான் போற அன்னைக்கு இத நீ பாடணும். வேலம்மாவ வாயத் தொறக்க விடாத. அவ எனக்கும் அந்தப் பழைய பாட்டையே பாடுவா."

கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

வெற்றிலையை விட்டேன்

நாங்கள் வேதத்துக்குச் சேர்ந்து கிறிஸ்தவர்களானது அதற்குப் பிறகு.

என் வீட்டுக்காரர் பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரியில் வேலை பார்த்தார். சேவல் சண்டை என்றால் உயிர். ஒரு கோடையில் எங்கள் தெருவில் காலரா வந்தது. அவரும் படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம் அப்படி. தெருக்கோடியில் குடியிருந்த உபதேசியார் சம்சாரம் மட்டும் உள்ளே வந்தார்கள். என் வீட்டுக்காரர் துணியை அலசினார்கள். கஞ்சி வடித்துக் கொடுத்தார்கள். எங்கள் சபையில் வேதம் சொல்லிக் கொடுக்கிறவரை உபதேசியார் என்போம். அவர் சம்சாரத்தை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

என் வீட்டுக்காரர் பிழைத்து எழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஜெபத்துக்குப் போனோம். பெரிய வெளிச்சம் எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. நான் போனது அந்தக் கஞ்சிக்காகத்தான்.

எனக்குப் படிப்பில்லை என்று உபதேசியார் கவலைப்பட்டார். ஜெபத்தை ஒரு தடவை சொன்னார். நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அசந்துபோனார். அதில் ஒரு கோளாறு இருந்தது. எனக்கு எதுவும் ராகத்தோடுதான் மனதில் நிற்கும். எனக்குத் தெரிந்த ராகமோ ஒன்றே ஒன்று.

ஞானஸ்நானத்துக்கு ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்துக் கை தானாகக் கன்னத்துக்குப் போக, என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். கோவிலுக்குள், எங்கள் கோவிலைச் சொல்கிறேன், நிற்க வைத்து ஜெபம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் "ஏ..." என்று இழுத்துவிட்டேன் போல. பின்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் அம்மா என் தொடையைக் கிள்ளினார்கள்.

பொன்னுத்தாயாகப் போன நான் சாராளாகத் திரும்பினேன்.

அதற்கு முந்தின வாரம் உபதேசியார் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "நீ எதை விட்டுட்டு வார?"

என் வீட்டுக்காரர், "சேவலை விட்டுட்டேன்யா" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கினதை நான் பார்த்தேன். அந்தச் சேவலை அவர் மடியில் வைத்துச் சோறு ஊட்டினவர்.

நான், "வெத்தலய விட்டுர்றேன்யா" என்றேன்.

உபதேசியார் அம்மா சிரித்துவிட்டார்கள். "வெத்தலய விட்டா பல்லுதான் வெளுக்கும் பொன்னு."

உபதேசியார் சிரிக்கவில்லை. "ஒப்பாரி?" என்று கேட்டார்.

எங்கள் சபையில் ஒப்பாரி வைக்கக்கூடாது. செத்தவர்களை மறுபடியும் பார்ப்போம் என்று நம்புகிறவர்கள் மாரடித்து அழக்கூடாது என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எனக்கும் அது தெரியும். "சரிங்கய்யா, விட்டுட்டேன்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆத்தாவுக்குச் செய்த சத்தியத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஆத்தாவிடம் போய்ச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "எந்தச் சாமிய வேணும்னாலும் கும்பிட்டுக்க. என் பாட்ட மட்டும் மறந்துராத" என்றாள்.

வீணாய்ப் போன இரண்டு அடி

வெற்றிலை உண்மையிலேயே போய்விட்டது. பாட்டு போகவில்லை.

சாவு வீட்டுக்குக் கூப்பிட வந்தவர்களை, "நான் இப்ப பாடுறதில்ல" என்று திருப்பி அனுப்பினேன். ஆனால் அவர்கள் போனதும், யார் செத்தது, எப்படிச் செத்தது என்று பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பேன். அம்மி அரைக்கும்போது தலைக்குள் பாட்டுக் கட்டுவேன். கேட்க ஆளில்லாத பாட்டு.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். பேத்தி இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உபதேசியார் அம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் கடும் காய்ச்சல் வந்தது. எங்களுக்குக் கஞ்சி கொடுத்த அதே அம்மா. நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், காலைத் தேய்த்துவிட்டேன். எல்லாம் மனசாரத்தான் செய்தேன். ஆனால் அவர்கள் கையைப் பார்த்ததும், அந்தக் கை எங்கள் வீட்டுத் துணியை அலசினது ஞாபகம் வந்தது. அடுத்த நிமிஷம் தலைக்குள் இரண்டு அடி வந்து நின்றது. எவ்வளவு அழகான இரண்டு அடி! உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் அவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். கர்த்தருக்கு நன்றி சொல்லி எல்லோருக்கும் முன்னால் அழுதேன். ஆனால் மனதின் ஒரு மூலையில், அந்த இரண்டு அடியும் வீணாய்ப் போச்சே என்று இருந்தது.

இதை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது பத்திரிகையில் வந்தால் வரட்டும்.

மறுபடியும் அந்தப் பந்தல்

பந்தல் வாசலில் என்னை நிற்க வைத்துவிட்டு வந்தோம், இல்லையா?

என் அண்ணன் என்னிடம் வந்தார். துக்கத்தில் கண் சிவந்து கிடந்தது. ஆத்தாவின் சாவுக்கு அவரிடம் இருந்த ஒரே ஆறுதல் நான்தான் போலிருக்கிறது.

"வா தாயி. நேத்துப் பொழுது சாயுற வரைக்கும் காட்ல பருத்தி எடுத்தா. கருக்கல்ல எழுப்பினா உசுரு இல்ல. முந்தாநாத்துக்கூடச் சொன்னா, எம் பாட்டு பொன்னுகிட்ட இருக்குன்னு. போயி உக்காரு."

போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வேலம்மா அத்தை என் தோளில் கையைப் போட்டாள். இன்னொரு பக்கம் யாரோ ஒருத்தி. வட்டம் மூடியது.

சபையிலிருந்து அங்கே யாரும் வரவில்லை. உபதேசியார் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வெளியே ஆண்களோடு நின்றார். நான் பாடினால் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "பெத்த தாய்க்குத்தானே" என்று விட்டுவிடுவார். நானும் பஸ்ஸில் வரும்போதே அப்படித்தான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஒரு தடவை மட்டும். பிறகு கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

மூச்சை இழுத்தேன். முதல் அடி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது என் கண் என்ன செய்தது தெரியுமா? வேலம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தது. நன்றாகக் கேட்கிற இடத்தில்தான் இருக்கிறாளா என்று பார்த்தது. பந்தலுக்கு வெளியே எத்தனை தலை என்று பார்த்தது. கொட்டுக்காரர் ஒதுங்கி நிற்கிறாரா, நம் குரல் தெருக்கோடி வரை போகுமா என்று பார்த்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை காலம் பாடாமல் இருந்து, என் வாழ்நாளிலேயே நல்ல பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நெஞ்சு பொங்கியது. என் ஆத்தா இரண்டு முழத்தில் பிணமாகக் கிடக்கிறாள். நான் உள்ளே வந்ததிலிருந்து அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பயந்துபோனேன். சபையை நினைத்து வந்த பயமில்லை அது, நரகத்தை நினைத்து வந்ததுமில்லை. இத்தனை சாவு வீட்டில் இத்தனை பேரை அழவைத்தேனே, செத்துக் கிடந்தவர்களில் ஒரு முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்தேன். ஒன்றுகூட வரவில்லை. மாந்தோப்புப் பெரியவரின் மாட்டுக்குக் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. அவருக்கு மீசை உண்டா இல்லையா, தெரியவில்லை.

"ஆண்டவரே, இத எடுத்துக்கிரும்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள்ளா, தெரியாது. உபதேசியாரிடம் அன்றைக்கே விட்டேன் என்று சொன்னேன். கையை விட்டு அது போனது இந்த இடத்தில்தான்.

அத்தையின் கையை என் தோளிலிருந்து எடுத்தேன். வட்டத்தை விட்டு நகர்ந்து, தவழ்கிற மாதிரி ஆத்தாவின் தலைமாட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்தேன்.

இடது புருவத்தில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, எல்லாம் செய்திருந்தார்கள். அந்தப் பஞ்சு மட்டும் எப்படியோ புருவ மயிரில் சிக்கி அப்படியே இருந்தது. நேற்றுப் பொழுது சாயும்வரை எடுத்த பருத்தி. என் பாட்டில் கிணறு இருந்தது, வாளி இருந்தது, வடக்கயிறு இருந்தது. இந்தப் பஞ்சு இல்லை.

நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தேன். எடுத்ததும் எனக்கு அழுகை வந்தது.

அந்த அழுகையில் ராகம் இல்லை, வார்த்தை இல்லை. மூக்கு ஒழுக, வாய் கோணிக்கொண்டு, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி. அதுவரை எந்தச் சாவுக்கும் நான் அப்படி அழுததில்லை.

ஊமைச் சாமி

கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது.

"ஏட்டி, அழுதது போதும், ஆரம்பி" என்றாள் ஒருத்தி.

"பாடலக்கா" என்றேன். "என்னால ஆகாது."

வேலம்மா அத்தை விடவில்லை. "வேதக்காரி ஆயிட்டால்ல! அவிய சாமி வாயில துணிய வச்சு அடச்சிருக்கும். இதுக்கா கரி வண்டி ஏறி வந்தா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அது ரொம்ப தூரம் கேட்கும்.

அண்ணன் வந்து எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் கெஞ்சினார். "தாயி, ரெண்டே அடி. ஆத்தா ஒங்கிட்ட கேட்டது வேற என்ன? நகை கேட்டாளா, நட்டுக் கேட்டாளா? ஒரே ஒரு பாட்டு."

"அண்ணே, நான் பாடினா அது ஆத்தாளுக்குப் பாடுற பாட்டா இருக்காது. எனக்குப் பாடுற பாட்டு."

அவருக்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும்? எனக்கே அப்போதுதான் புரிந்திருந்தது.

அவர் எழுந்தார். "பெத்தவ கேட்டதக் குடுக்கவிடாத சாமி என்ன சாமிட்டி? ஊமைச் சாமியா? நல்லாக் கேட்டுக்க. ஆத்தாளத் தூக்குற வரைக்கும் இரு. பொறவு இந்த வீட்டு வாசல மிதிக்காத. எனக்குக் கூடப்பிறந்தவ இல்ல."

பந்தலுக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

பிறகு வேலம்மா அத்தைதான் பாடினாள். ஆத்தா சொன்னபடியே, அந்தப் பழைய பாட்டு. குறை சொல்லக்கூடாது, குரல் கணீரென்று இருந்தது. ஆனால் கிணற்றைத் தெற்கே என்று பாடினாள். எங்கள் கிணறு மேற்கே. திருத்திச் சொல்ல என் நாக்கு துடித்த துடிப்பு இருக்கிறதே! பல்லைக் கடித்துக்கொண்டு ஆத்தாவின் நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜில்லென்று இருந்தது. தூக்கும்வரை கையை எடுக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்பாரி பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இதைப் படிக்கிற வீடுகளில் எத்தனையோ பேர் மனசு நிறையப் பாடி அழுகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு அது துக்கத்தை ஆற்றுகிற மருந்து. எனக்கு அது நான் பார்த்துப் பார்த்துப் பூரித்த கண்ணாடி. உபதேசியாரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை, ஜெபமும் சொல்லவில்லை. "ஒங்க அண்ணன் பேரு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஜெபத்தில் அண்ணன் பேரும் வந்தது.

வெறும் மணை

அண்ணன் சொன்ன சொல் மாறவில்லை.

எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வேதக்காரர் கல்யாணம்தான், ஆனாலும் தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணம் என்ன கல்யாணம்? ஆள் விட்டுச் சொன்னேன். நானே விலக்கு வரை போய் நின்று, ஊருக்குள் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. அவருக்கென்று போட்ட மணை வெறுமனே கிடந்தது. நான் யாரையும் அதில் உட்கார விடவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு ஆங்காரம் வந்தது. இரண்டு அடி பாடியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஓர் அண்ணன் இருந்திருப்பாரே! விட்டது விட்டதுதான் என்று சொல்வது சுலபம். அது கூடவே எதை எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று முன்னால் தெரியாது.

எத்தனையோ பருத்தி வெடித்து, எடுத்து, காடு வெளுத்து அடங்கியது. சண்டை முடிந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் சோழபுரத்திலிருந்து ஒரு ஆள் வந்து வாசலில் நின்றார். என் மதினி, அண்ணன் சம்சாரம், போய்விட்டாள்.

"அண்ணன் சொல்லி அனுப்பினாரா, நீங்களா வந்தீயளா?" என்று கேட்டேன்.

"அவர்தான் அனுப்பினாரு" என்றார் வந்தவர். "பாட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. பாட ஊர்ல ஆளு இருக்காம். வந்து உக்காரச் சொன்னாரு."

நான் போனபோது வேலம்மா அத்தைதான் பாடிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது, கிழவியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தாமலே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். நான் நேராக மதினியின் தலைமாட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம். அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, அண்ணன் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தலையெல்லாம் நரைத்திருந்தது.

"அந்தப் பாட்டு" என்றார். "ஆத்தா பாட்டு. பாட வேண்டாம் தாயி. சும்மா வாயால சொல்லு. எனக்கு மட்டும்."

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கிணறு வந்தது. வாளி தண்ணியில, வடக்கயிறு கரையில. இருந்தத பங்கு வச்ச எங்கம்மா. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை கேட்டதை மறக்காத எனக்கு, நானே கட்டின பாட்டு மறந்துபோயிருந்தது.

"அம்புட்டுத்தான் அண்ணே ஞாபகம் இருக்கு" என்றேன். "ஆனா ஒண்ணு இருக்கு. அன்னைக்கு ஆத்தா புருவத்துல ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்துச்சு. எல்லாரும் குளிப்பாட்டியும் அது போகல. நான்தான் எடுத்தேன்."

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் புருவத்துல?" என்று கேட்டார்.

"இடது புருவத்துல."

அவர் கையைத் தூக்கித் தன் இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தார்.